நடு ஹாலுக்கு வெளிச்சமும் காற்றும்: எந்த ஸ்கைலைட் சரி?

கேள்வி இது. திருச்சியில் 30-க்கு 50 அடி மனை. இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் வீடுகள். கீழ்த்தளமும் ஒரு மாடியும் கட்டப் போகிறீர்கள். நடுவில் வரும் ஹாலுக்கு ஜன்னல் வைக்க வழியில்லை என்பதால், மாடி வரை திறந்துவிட்டு மொட்டைமாடியில் ஸ்கைலைட் (வெளிச்சத்துக்காகக் கூரையில் விடும் திறப்பு) வைக்க நினைக்கிறீர்கள். வெளிச்சம் மட்டும் போதாது, வெக்கையும் வெளியே போக வேண்டும். மோட்டார் வைத்துத் திறந்து மூடுவதா, பக்கவாட்டில் லூவர் (சாய்வாக அடுக்கிய பட்டைகள்) வைத்த கண்ணாடிக் கூண்டா, கூரைமேல் காற்றில் சுற்றும் டர்போ வென்டிலேட்டரா, எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடிக்கு மேலே 3 அடி உயரத்துக்கு ஒரு கூண்டு எழுப்புங்கள். அதன் தலையைக் கான்கிரீட்டால் மூடிவிடுங்கள். வடக்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் திறந்து மூடக்கூடிய கண்ணாடி லூவர் வையுங்கள். மேற்கையும் தெற்கையும் சுவராகவே விடுங்கள். வெளிச்சமும் காற்றும் பக்கவாட்டிலிருந்தே கிடைத்துவிடும். வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் கண்ணாடி நம் ஊர் வெயிலுக்கு வேண்டவே வேண்டாம். இனி காரணம்.

திருச்சி கிட்டத்தட்ட 10.8 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் அங்கே நேர் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் பெரிதாக விலகுவதில்லை. மேகமில்லாத நண்பகலில் படுக்கைவாட்டமான ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் வெப்பம் விழுகிறது. 4-க்கு 4 அடி கண்ணாடி என்றால் ஒன்றரை சதுர மீட்டர். சாதாரணக் கண்ணாடி அதில் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். ஆக 1200 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் 3500 வாட்தான். அதில் மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரே கண்ணாடி நண்பகலில் ஹாலுக்குள் இறக்கிவிடும். வெயில் சூட்டைக் குறைக்கும் சோலார் கன்ட்ரோல் கண்ணாடி போட்டால் பாதிக்கும் கீழே கொண்டுவரலாம். ஆனாலும் வெக்கையை வெளியேற்றத் திறந்த ஓட்டையே வெக்கையைக் கொண்டுவந்தால் என்ன பயன்?

அடுத்தது காற்று. சூடான காற்று மேலே ஏறும், மேலே வழி விட்டால் வெளியே போகும் என்பது சரிதான். ஆனால் அதற்கு மூன்று விஷயங்கள் கூடி வர வேண்டும். கீழே காற்று உள்ளே வர வழி இருக்க வேண்டும். மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் உயர வித்தியாசம் வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. மே மாதப் பகல் 2 மணிக்கு வெளியே 39 டிகிரி, கீழ்த்தள ஹாலில் 34 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மேலே திறந்து வைத்தால் ஹாலில் இருக்கும் குளிர்ந்த காற்று கீழ் ஜன்னல் வழியாக வழிந்து வெளியேறும். வெளியே கொதிக்கும் காற்று மேலிருந்து உள்ளே இறங்கும். எல்லாம் தலைகீழாக நடக்கும். பகலில் மூடி வைத்து, சூரியன் இறங்கி வெளிக்காற்று ஆறிய பிறகு திறந்து, விடிந்து கொஞ்ச நேரம் வரை திறந்தே விடுவதுதான் முறை. பகல் முழுக்க வெயில் குடித்த சிலாப் இரவு 10, 11 மணி வரை சூட்டை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போவதுதான் இந்தத் திறப்பின் வேலை.

அதனால், மூட முடியாத எந்த ஸ்கைலைட்டையும் நான் இந்த மாதிரி ஹாலுக்குச் சொல்ல மாட்டேன். ஃபேப்ரிகேட்டர்கள் (இரும்பு பிரேம் வேலை செய்பவர்கள்) வழக்கமாகச் செய்து தரும் வகையை இந்த இடத்தில்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். ஓட்டையைச் சுற்றி ஒன்பது அங்குலம், ஒரு அடிக்குச் சுவர், அதன்மேல் எம்.எஸ். (சாதாரண இரும்பு) பிரேம், நான்கு பக்கமும் நிரந்தரமாகச் சாய்த்துப் பற்றவைத்த தகடு லூவர், தலையில் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் ஷீட் அல்லது டஃபன்டு கிளாஸ் (சூடாக்கி வலுவேற்றிய கண்ணாடி). விலை குறைவு, இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். முதல் சில மாதம் வீட்டுக்காரருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். அப்புறம் ஆடிக் காற்று வரும். திருச்சிப் பக்கம் அந்தக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேற்கு லூவர் வழியாகப் புழுதி ஹால் சோபாவில் வந்து படியும். வெளியே போக வேண்டிய காற்று உள்ளே தள்ளப்படும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும்போது வடக்கு, கிழக்கு லூவர் வழியாகச் சாரல் வரும். அந்த ஹாலில் பின்னாளில் ஏசி வைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. குளிர்ந்த காற்று நிற்காது. கடைசியில் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? லூவருக்கு உள்பக்கம் ஷீட் ஒட்டி அடைத்துவிடுகிறார்கள். காற்றுக்காக வைத்தது, வெயிலை மட்டும் உள்ளே விடும் கண்ணாடியாக நின்றுவிடுகிறது.

ஆனால் இந்த வகையின் அடிப்படை யோசனை அருமையானது. காற்றைப் பக்கவாட்டில் விட்டால் மழைக்குப் பயப்படுவது பாதி குறைகிறது. கூண்டை மட்டும் வைத்துக்கொண்டு, நிரந்தரத் தகட்டை எடுத்துவிட்டு, கைப்பிடியால் திருப்பும் கண்ணாடிப் பட்டை லூவர் போடுங்கள் என்பதுதான் நான் சொல்வது. கழிவறை ஜன்னலில் பார்த்திருப்பீர்கள், அதே வகைதான்; நல்ல அலுமினிய பிரேமில், பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக ஏறி மூடும்படி செய்ததாக இருக்க வேண்டும். அவை காற்றுப்புகாமல் மூடாது என்பது உண்மை. ஏசி கட்டாயம் வேண்டும் என்றால் லூவருக்குப் பதில் மேல்கீல் வைத்து வெளியே தள்ளித் திறக்கும் ஜன்னல் போடுங்கள். ரப்பர் கேஸ்கெட்டோடு இறுக்கமாக மூடும். திறந்திருக்கும்போது அதுவே சின்னச் சன்ஷேடு போல மழையைத் தடுக்கும்.

திசையையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் காற்று மேற்கிலிருந்து வரும்போது, கூண்டின் கிழக்குப் பக்கமும் வடக்குப் பக்கமும் காற்று மறைவில் இருக்கும். அங்கே வெளிக்காற்று உறிஞ்சும், அதனால் உள்ளே இருக்கும் சூடான காற்று எளிதாக வெளியேறும். வடக்குப் பக்கக் கண்ணாடியில் வருடத்தின் பெரும்பகுதி நேர் வெயில் படாது. மே, ஜூனில் சூரியன் கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும், ஆனால் நண்பகலில் அவ்வளவு உயரத்தில் இருப்பதால் 2 அடி சன்ஷேடு போதும். கிழக்கில் காலை வெயில் விழும். அந்த நேரத்து வெயில் வீட்டுக்கு நல்லதே. தெற்குப் பக்கம் கண்ணாடி வைத்தால் மார்கழி, தையில் வெயில் உள்ளே நீளமாக வரும். சிலர் அதை விரும்புவார்கள். எனக்கு அது வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. பருவமழை வடகிழக்கிலிருந்து வருவதால் கூண்டின் தலை சிலாப்பை நான்கு பக்கமும் ஒன்றரையிலிருந்து 2 அடி வரை வெளியே நீட்டுங்கள். அந்த நீட்டலின் அடியில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, நீர் சொட்டி விழ ஒரு காடி (நீளவாக்கில் சின்னப் பள்ளம்) விடச் சொல்லுங்கள். இந்தக் காடி இல்லாவிட்டால் தண்ணீர் சிலாப்பின் அடிப்பக்கமாகவே நடந்து வந்து லூவர் பிரேமில் இறங்கும். கொத்தனாருக்குக் கால் மணி நேர வேலை, ஆனால் சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள்.

4-க்கு 4 அடி திறப்பு உங்கள் ஹாலுக்குப் போதும். கூண்டின் இரண்டு பக்கத்திலும் 4-க்கு 2 அடி லூவர் என்றால் மொத்தம் 16 சதுர அடி. அதில் கொசுவலை போட்ட பிறகு காற்று நன்றாகவே குறையும் என்பதால் இதைவிடச் சின்னதாகப் போக வேண்டாம். உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றின் ஓட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தின்படிதான் கூடுகிறது. அதாவது உயரத்தை நான்கு மடங்காக்கினால்தான் ஓட்டம் இரண்டு மடங்காகும். ஆகவே கூண்டை 6 அடி, 8 அடி என்று கோபுரமாக எழுப்பிப் பணத்தைக் கரைக்காதீர்கள். உங்கள் ஹாலின் இரண்டு மாடி உயரமே நல்ல உயரம். அதற்குப் பதில் கீழே காற்று உள்ளே வரும் வழியைப் பெரிதாக்குங்கள். இரவில் கதவு மூடித்தானே இருக்கும்? வீட்டின் பின்பக்கம், கம்பியும் கொசுவலையும் போட்ட, இரவு முழுக்க பயமில்லாமல் திறந்து வைக்கக்கூடிய இரண்டு ஜன்னல்கள் வேண்டும். ஹாலுக்கும் அந்த ஜன்னல்களுக்கும் நடுவில் அறைக் கதவுகள் வந்தால், கதவுக்கு மேலே வென்டிலேட்டர் விடுங்கள். இது இல்லாமல் மேலே என்ன வைத்தாலும் காற்று அசையாது.

மோட்டார் வைத்துத் திறக்கும் கண்ணாடி மூடியைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருந்தீர்கள். ஒரு பக்கம் கீல் வைத்து, மறுபக்கத்தைச் சங்கிலி ஆக்சுவேட்டர் (சங்கிலியை நீட்டி மடக்கும் மோட்டார்) தூக்கும். இது பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த பழக்கம். டென்மார்க்கில் 1941-இல் தொடங்கிய வேலக்ஸ் நிறுவனம்தான் இந்த வகைக் கூரை ஜன்னலை உலகமெங்கும் பரப்பியது. அங்கே சாய்வான ஓட்டுக் கூரைக்கு அடியில் இருக்கும் அறைக்கு, மங்கிய வானத்திலிருந்து கிடைக்கிற வெளிச்சத்தையும் வெப்பத்தையும் முழுதாகப் பிடிக்க வேண்டும். அந்த ஊருக்கு அது அற்புதமான பொருள். தயாரிப்பும் நேர்த்தி: கேஸ்கெட், தண்ணீர் வழியும் தகடு எல்லாம் ஒரே தொகுப்பாக வரும். சூரிய மின்தகடும் பேட்டரியும் தன்னிலேயே வைத்து, மழைத்துளி பட்டால் தானே மூடிக்கொள்ளும் வகைகளும் உண்டு.

நம் தட்டைக் கூரைக்கு அதைக் கொண்டுவரும்போது சில சிக்கல்கள். படுத்த கண்ணாடியின் வெப்பத்தை மேலேயே சொல்லிவிட்டேன். அடுத்தது, முழுமையாகத் திறக்கும் என்று நினைப்போம், ஆனால் ஆக்சுவேட்டர் சங்கிலி பொதுவாக ஓர் அடி அளவுக்குத்தான் நீளும். 4-க்கு 4 மூடியை ஓர் அடி தூக்கினால் முன்பக்கம் 4 சதுர அடி, இரண்டு பக்க முக்கோணங்களும் சேர்ந்து இன்னொரு 4. 16 சதுர அடி ஓட்டையில் உண்மையான வழி 8 சதுர அடிதான். கொசுவலையை மூடிக்கு அடியில் படுக்கைவாட்டத்தில் போட வேண்டியிருக்கும். தூசியும் ஈசலும் அதன்மேல் படுத்திருக்கும். 20 அடி உயரத்தில் அதை யார் எட்டித் துடைப்பது? அப்புறம் மழை. கோடை மழையில் முதல் இடி இடித்ததும் கரண்ட் போவது நம் ஊரில் புதிதல்ல. வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டார் என்றால், சென்சார் மழையைக் கண்டுபிடித்தாலும் மூடி இறங்காது. இந்த வகைதான் வேண்டும் என்று முடிவு செய்தால் இன்வெர்ட்டர் லைனில் இணையுங்கள், அல்லது சொந்தப் பேட்டரி உள்ளதை வாங்குங்கள். மொட்டைமாடிக்குப் போய் வெளியிலிருந்து கையால் இறக்கி மூட வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். மாடி அறைக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், 2-க்கு 2 அளவில் என்றால் நானே இதைப் பரிந்துரைப்பேன். உங்கள் ஹாலுக்கு இல்லை.

தண்டவாளத்தில் தள்ளித் திறக்கும் மூடியும் இப்போது நிறைய வருகிறது. பார்க்க அழகு, முழு வானமும் திறக்கும். ஆனால் தள்ளும் மூடி பொதுவாக இறுக்கமாக மூடாது, தண்டவாளத்தில் வேப்பிலை சேர்ந்தால் நடுவழியில் நின்றுவிடும். இது வேண்டாம்.

டர்போ வென்டிலேட்டர் தொழிற்கூட ஷெட்டுக்குப் பிறந்தது. காற்று அடித்தால் சுற்றி உறிஞ்சும். காற்று இல்லாத இரவில் அது வெறும் ஓட்டைதான். நமக்கோ இரவில்தான் வேலை அதிகம். அடியில் தனியாக மூடி வைக்காவிட்டால் அடைக்க முடியாது, பேரிங் தேய்ந்ததும் கிரீச்சிடும். மொட்டைமாடியில் தகர ஷெட் போட்டிருந்தால் அதற்கு இரண்டு வையுங்கள், நன்றாக வேலை செய்யும். அதற்குப் பதில் உங்கள் கூண்டின் மேற்குச் சுவரில் ஒரு 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வட்ட ஓட்டை விட்டு வையுங்கள் என்று சொல்லத் தோன்றும், ஆனால் வேண்டாம், ஆடிக் காற்றை எதிர்த்து அது ஊத வேண்டியிருக்கும். கிழக்கு லூவருக்கு ஓரமாக வையுங்கள். மாலை 7 மணிக்கு லூவரை மூடி, பின்ஜன்னலைத் திறந்து, ஃபேனை ஒரு மணி நேரம் ஓட்டினால் வீட்டின் சூடு சீக்கிரம் இறங்கும். பிறகு நிறுத்திவிட்டு லூவரைத் திறந்துவிடலாம். ஒன்று கவனம்: சமையலறை எக்ஸாஸ்ட் ஓடும்போது மேல் லூவர் திறந்திருந்தால், அது மேலிருந்து காற்றைக் கீழே இழுக்கும். பகல் சமையல் நேரத்தில் மேலே மூடியே இருக்கட்டும்.

வெளிச்சத்தை மட்டும் குழாய் வழியாகக் கொண்டுவரும் வகையும், பிரேமில் காற்றுக்கு மெல்லிய துவாரப் பட்டி வைத்த நிரந்தரக் கண்ணாடியும் கடையில் காட்டுவார்கள். முதலாவதில் காற்றே இல்லை. இரண்டாவது குளிர்நாடுகளில் அறைக்குள் ஈரம் சேராமலிருக்கச் செய்தது. நம் வெக்கைக்கு அந்தப் பட்டி எந்த மூலைக்கு?

இன்னொரு வழியும் இருக்கிறது, செலவு குறைந்தது. உங்கள் மாடிப்படி இந்த ஹாலுக்குள்ளேயே ஏறுகிறதா? அப்படியென்றால் மொட்டைமாடிப் படிக்கட்டுக்கு மேலே எப்படியும் ஒரு ஹெட்ரூம் கட்டத்தான் போகிறீர்கள். வீட்டிலேயே உயரமான இடம் அதுதான். அதன் வடக்கு, கிழக்குச் சுவர்களில் சிலாப்பை ஒட்டி அகலமான லூவர் வைத்துவிட்டால், ஹாலுக்கு நடுவில் சிலாப்பை ஓட்டை போட வேண்டிய அவசியமே வராமல் போகலாம். கைக்கு எட்டும், துடைக்கலாம், ஒழுகினாலும் படியில்தான் சொட்டும். நம் வீடுகளில் ஹெட்ரூமை ஒட்டடைக்கும் பழைய சாமானுக்கும் விட்டுவிடுகிறோம் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் வளவு, தஞ்சைப் பக்கத்து வீடுகளின் முற்றம் எல்லாம் இதே வேலையைத்தான் செய்தன: வீட்டின் நடுவில் மேலே ஒரு வழி. இன்றைக்கு 30 அடி மனையில் முற்றத்துக்கு இடமில்லை, படிக்கட்டுக்கு இருக்கிறது.

இவ்வளவு சொல்லியும் தலைக்கு மேலே கொஞ்சம் வானம் தெரிந்தே ஆக வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டால், கூண்டின் தலையில் 2-க்கு 2 அடி மட்டும் கண்ணாடி விடுங்கள். அங்கே தனி டஃபன்டு கிளாஸ் போடவே கூடாது. அது உடைந்தால் சிறு சிறு துண்டுகளாகும் என்பது சரி, ஆனால் அத்தனையும் ஹாலில் இருப்பவர் தலையில் கொட்டும். சில சமயம் எதுவும் படாமல் தானாகவே வெடிக்கும் குணமும் அதற்கு உண்டு. இரண்டு டஃபன்டு கண்ணாடிகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடிதான் வேண்டும், 6 மி.மீ. கண்ணாடி இரண்டும் 1.52 மி.மீ. படலமும் சேர்ந்து 13.52 மி.மீ. என்று கேட்டால் கிடைக்கும். ஒரு கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்து வீட்டில் தென்னை மரம் இருந்தால் இது இன்னும் முக்கியம். பாலிகார்பனேட் மலிவு, எளிதில் உடையாது, ஆனால் மழையில் சத்தம் போடும், வருடங்கள் போகப் போக மஞ்சளாகும். சூட்டில் கண்ணாடியைப்போல் ஏழு மடங்கு நீளும். 2 மீட்டர் ஷீட் இரவுக்கும் பகலுக்கும் 40 டிகிரி மாறினால் 5 மி.மீ. நகரும். திருகு ஓட்டை இறுக்கமாக இருந்தால் அங்கேதான் விரிசல் விட்டு ஒழுகத் தொடங்கும்.

ஒழுகலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சிலிக்கான் தடவி நிறுத்தலாம் என்று சொல்லும் ஃபேப்ரிகேட்டரை நம்பாதீர்கள். வெயிலில் அது சில வருடத்தில் பிரிந்துவிடும். தண்ணீர் நிற்காத வடிவமாக இருக்க வேண்டும், சிலிக்கான் துணைக்கு மட்டும். கூண்டின் சுவர் உயரத்தைச் சிலாப்பிலிருந்து அளக்கக் கூடாது. மேலே சுர்க்கியும் (செங்கலும் சுண்ணாம்பும் கலந்த தளம்) தட்டோடும் போட்டு முடித்த பிறகு 4 அங்குலம் வரை தளம் ஏறியிருக்கும். அந்தத் தளத்திலிருந்து லூவரின் அடிவரை குறைந்தது 8 அங்குலம் சுவர் தெரிய வேண்டும். வாட்டர்புரூஃபிங்கைச் சுவரில் ஏற்றி முடியுங்கள். லூவருக்கு உள்பக்கம் 4 அங்குல இடைவெளியில் கம்பி வைத்துவிடுங்கள், திருட்டுக்கும் குரங்குக்கும் சேர்த்து. பிளாஸ்டர் முடிந்ததும், பால்ஸ் சீலிங் வேலை தொடங்கும் முன், ஹோஸ் பைப்பை வடகிழக்கிலிருந்து சாய்வாகப் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் அடித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று. சென்டரிங் பலகை அடிப்பதற்கு முன்பே இந்த ஓட்டையின் இடமும் அளவும் உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வரைபடத்தில் இருக்க வேண்டும். பீமுக்கும் பீமுக்கும் நடுவில் வரும்படி அவர் இடம் பார்ப்பார். ஓட்டையைச் சுற்றி அதிகக் கம்பியும், மூலைகளில் குறுக்குக் கம்பியும் கொடுப்பார். ஓட்டை நீள்சதுரம் என்றால் அதன் நீளம் முதன்மைக் கம்பி போகும் திசையிலேயே வரும்படி கேளுங்கள், வெட்டுப்படும் கம்பி குறையும். சிலாப் போட்ட பிறகு கட்டர் வைத்து வெட்டிக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.